ஆகாச கருடன் காப்பாற்றுமா?

(நாமக்கல் பக்கம், கொல்லிமலை அடிவாரக் கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்தக் கூட்டத்துக்கு நம்மை அழைத்த தோழர்கள், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்; ஆனால் இந்த ஊருக்கு உபயோகப்படும்படி பேசுங்கள்" என்று சொன்னார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி இந்த மேடைக்கு நடந்து வருவதற்குள்ளாகவே விஷயம் கிடைத்துவிட்டது. அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. உங்கள் வாசல் நிலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ரோட்டிலிருந்து இங்கு வருகிற வரையில் பதினோரு வீட்டில் எண்ணினோம். கறுப்புக் கயிற்றில் கட்டி, மஞ்சளும் குங்குமமும் அப்பித் தொங்கவிட்ட ஒரு கிழங்கு. ஆகாச கருடன் என்று அதற்குப் பெயர். இன்று அந்தக் கிழங்கைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முன்னதாக ஒரு வார்த்தை. நமக்குப் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். வாசகசாலையிலும் பழைய புத்தகக் கடையிலும் விஷயம் தெரிந்தவர்களிடத்திலும் தெரிந்துகொண்டதுதான் மற்றதெல்லாம். ஆகையால் இங்கே சொல்லப்போவதில் எதெது நீங்களே உங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கக்கூடியதோ, அதைச் சோதித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

சரி. இந்தக் கிழங்கைப் பற்றி என்னென்ன சொல்லப்படுகிறது? இதை வாசலில் கட்டினால் கண் திருஷ்டி அண்டாது என்றும், பேய் பிசாசு நுழையாது என்றும், செய்வினை பலிக்காது என்றும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாம்பு அந்த வீட்டுப் பக்கமே தலை வைக்காது என்றும் சொல்லப்படுகிறது. ஏன் என்றால் அது கருடனாம். கருடனைக் கண்டால் பாம்பு ஓடுமாம். இதற்கு என்ன ருஜு என்று கேட்டால், "மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, வெறும் காற்றைக் குடித்தே தழைக்கிறதே, இதைவிட என்ன ருஜு வேண்டும்?" என்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு சேலத்துப் பக்கம் ஒரு சந்தையில், இந்தக் கிழங்கைக் குவித்து விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"ஏனுங்க, இதை வாங்கிக் கட்டி, தழைத்தால் என்ன அர்த்தம்?"

"வீடு தழைக்குமுங்க."

"வாடிப்போனால்?"

"திருஷ்டியை அது வாங்கிக்கிச்சுன்னு அர்த்தமுங்க. புதுசு ஒண்ணு கட்டோணும்."

"அழுகிப்போனால்?"

"யாரோ செய்வினை வெச்சிருக்காங்கன்னு அர்த்தமுங்க. கிழங்கு தாங்கிக்கிச்சு. நல்ல வேளைன்னு நெனச்சுக்கோணும்."

"அப்படியானால், இந்தக் கிழங்கு வேலை செய்யவில்லை என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வேண்டாமுங்க, கொஞ்சம் நகருங்க, யாவாரத்தைப் பார்க்கோணும்" என்றார். அவர் மேல் நமக்குக் கோபமில்லை. அவருக்கு அது வயிற்றுப் பிழைப்பு. ஆனால் தோழர்களே, அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

ஒரு மளிகைக் கடைக்குப் போகிறீர்கள். அங்கே ஒரு தராசு இருக்கிறது. அரிசியை வைத்தாலும் ஒரு கிலோ காட்டுகிறது. உப்பை வைத்தாலும் ஒரு கிலோ காட்டுகிறது. ஒன்றும் வைக்காவிட்டாலும் ஒரு கிலோ காட்டுகிறது. அந்தத் தராசைத் தெய்வீகத் தராசு என்று கும்பிடுவீர்களா, கடைக்காரனை இழுத்துப் போட்டுக் கேட்பீர்களா? இரண்டு ரூபாய்ச் சாமானுக்கு அவ்வளவு கறாராக இருக்கிற நாம், தழைத்தாலும் பலித்தது, வாடினாலும் பலித்தது, அழுகினாலும் பலித்தது என்கிற கிழங்கை மட்டும் ஏன் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு வருகிறோம்?

இனி அது தண்ணீர் இல்லாமல் தழைக்கிற அதிசயத்தைப் பார்ப்போம். ஒரு வருஷம் நமது வீட்டு உத்தரத்தில் ஒரு பக்கம் ஆகாச கருடனையும், பக்கத்தில் ஒரு சேனைக் கிழங்கையும், ஒரு பெரிய வெங்காயத்தையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். மூன்றும் முளைவிட்டன. வெங்காயத்துக்கு நாம் குங்குமம் வைக்கவில்லை; சேனைக்குச் சூடம் காட்டவில்லை. கிழங்கு என்பது என்ன? மழைக் காலத்தில் செடி சம்பாதித்த மாவையும் தண்ணீரையும் கோடைக்காகத் தன் அடியில் சேர்த்து வைத்துக்கொள்கிற குதிர். வெயில் காலத்தில் கொடி காய்ந்துவிடும், குதிர் இருக்கும். காலம் வந்தவுடன் குதிரைத் திறந்து சாப்பிட்டு முளைவிடும். சம்சாரி பஞ்ச காலத்தில் செய்கிற காரியத்தைத்தான் கிழங்கும் செய்கிறது. உள்ளே உள்ளது தீர்ந்தவுடன் வாடிப்போகும். உங்கள் வீட்டிலும் இதைக் கட்டிப் பார்க்கலாம். செலவு ஒரு வெங்காயம்.

பாம்பு விஷயத்துக்கு வருவோம். அந்தக் கொடிக்குக் கருடன் என்று பெயர் வைத்தது மனிதன். பாம்புக்குத் தமிழ் தெரியுமா? பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது கோபத்தினால் அல்ல. காற்றிலும் தரையிலும் உள்ள வாசனையை நாக்கில் எடுத்து, மேலண்ணத்தில் அதற்கென்று உள்ள உறுப்பில் வைத்துப் பார்க்கிறது. அது தேடுவது எலியையும் தவளையையும் பல்லியையும். மூட்டை கட்டி வைத்த தானியத்துக்கு எலி வருகிறது. எலிக்குப் பாம்பு வருகிறது. வாசல் நிலையில் ஆறடி உயரத்தில் தொங்குகிற கிழங்குக்கும், தரையோடு தரையாகக் கதவிடுக்கில் நுழைகிற பாம்புக்கும் என்ன சம்பந்தம்?

"இருக்கட்டுமே, கட்டினால் என்ன குடி முழுகிப் போகிறது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குடி முழுகின கதை ஒன்றைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

நாம் சிறுவனாக இருந்தபோது, திருமணிமுத்தாற்றுக் கரையில் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு பையன், நமக்கு இரண்டு வயது சிறியவன். ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு, வழக்கம்போல எல்லோரும் பாய் விரித்துத் தரையில் படுத்திருந்தார்கள். விடியற்காலம் அந்தப் பையன் எழுந்து வயிறு வலிக்கிறது என்று அழுதான். எங்கும் கடிவாய் தெரியவில்லை, வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. அவன் அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கண் இமை தொங்க ஆரம்பித்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். பேச்சுக் குழறியபோதுதான் பயம் வந்தது. இரண்டு ஊர் தள்ளி மந்திரிக்கிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்டார், ஒரு வேரை அரைத்து வாயில் ஊற்றினார், வேப்பங்குழையால் அடித்தார். அங்கே மூன்று மணி நேரம் போயிற்று. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

அந்த வீட்டு வாசலில் அன்றைக்கு ஆகாச கருடன் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பச்சைப் பசேல் என்று ஒரு முழம் கொடி விட்டிருந்தது.

இப்பொழுது நமக்குத் தெரிகிறது, அது கட்டுவிரியன் கடி என்று. கட்டுவிரியன் இரவில் நடமாடுகிறது. தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கிறது. பல் மிகவும் சிறியது, கடித்தது தெரியாது, வலியும் இராது. முதலில் வயிற்று வலி, பிறகு இமை தொங்குவது, பிறகு மூச்சு விடுகிற தசைகள் ஓய்ந்துபோவது. இது ஒவ்வொரு டாக்டருக்கும் தெரிந்த சங்கதி. அந்த மூன்று மணி நேரத்தில் மூச்சுக்கு ஓர் இயந்திரமும் விஷமுறிவு ஊசியும் கிடைத்திருந்தால், அந்தப் பையனுக்கு இன்று நம்மைப்போல நாற்பது வயது தாண்டியிருக்கும்.

ஆனால் தோழர்களே, நாம் சொல்ல வந்தது சாவை மட்டும் அல்ல. சாவுக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வந்தோம். "கருடன் கட்டியிருந்தும் இப்படி ஆச்சே" என்று ஊரில் பேச்சு எழுந்தது. கிழங்கு பொய் என்று யாராவது சொன்னார்களா? இல்லை. வெள்ளிக்கிழமை பூசை போட்டது யார் என்று விசாரித்தார்கள். அந்தப் பையனின் தாய் தீட்டோடு கிழங்கைத் தொட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வயதான பெண்கள் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த ஒரு தாய், தன் உடம்புதான் பிள்ளையைக் கொன்றது என்று நம்பினாள். சாகிற வரைக்கும் நம்பினாள். கிழங்கின் மானம் காப்பாற்றப்பட்டது. ஒரு மனுஷியின் மானம் போயிற்று.

ஆகையால்தான் சொல்லுகிறோம். ஒரு பொருள் மருந்தா, மாயமா என்று தெரிந்துகொள்ளப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. பலிக்காமல் போனால் குற்றம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். மருந்து பலிக்காவிட்டால் மருந்தின் மேல் சந்தேகப்படுகிறார்கள். அதை எடுத்துச் சோதிக்கிறார்கள். மாயம் பலிக்காவிட்டால் வாங்கியவன் தலையில் விழுகிறது. வீட்டில் பெண் இருந்தால் கட்டாயம் அவள் தலையில் விழுகிறது.

"அப்படியானால் வேர் கொடுத்துப் பிழைத்தவர்களே இல்லையா? எங்கள் மாமனுக்கே அவர்தானே வைத்தியம் பார்த்தார்?" என்று கேட்பீர்கள். பிழைத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. சாரைப்பாம்பு கடித்தாலும் தண்ணீர்ப்பாம்பு கடித்தாலும் மனிதன் பயத்தில் மயங்கி விழுகிறான். விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் பல் பதியுமே தவிர விஷம் இறங்காது. இவர்களுக்கெல்லாம் வேரைக் கொடுத்தாலும் பிழைப்பார்கள், மோரைக் கொடுத்தாலும் பிழைப்பார்கள், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பிழைத்தவர்கள் நடந்து வந்து தேங்காய் பழம் வைத்துக் கும்பிடுகிறார்கள். செத்தவர்கள் வந்து சாட்சி சொல்லுவதில்லை. இப்படித்தான் வேருக்குக் கீர்த்தி வருகிறது.

செத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2000 முதல் 2019 வரை இருபது வருஷங்களில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அதாவது வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர். அதில் கால் பங்குக்கு மேல் பதினைந்து வயது நிரம்பாத குழந்தைகள். பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். மாளிகையில் கட்டிலின் மேல் மெத்தையில் படுக்கிறவனை விரியன் தேடிப் போவதில்லை. தரையில் படுக்கிறவனையும், செருப்பில்லாமல் வரப்பில் நடக்கிறவனையும், விறகுக் கட்டைக்குள் கை விடுகிறவளையும்தான் கடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வியாதிகளின் பட்டியலில் சேர்த்தது. கவனிக்கப்படாதது ஏன்? சாகிறவர்கள் கவனிக்கப்படாதவர்கள்.

இது வாசல் கிழங்கோடு நின்றதா என்றால், அதுவும் இல்லை. இங்கே உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்திப் பாருங்கள், கொல்லிமலை தெரிகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் சாமையும் விளைகிற நல்ல பூமி. அதை உழுது விளைவிக்கிற மலையாளி ஜனங்களின் உழைப்பைப் பற்றி வெளியூரில் பேசுகிறவர்கள் குறைவு. அங்கே சித்தர் குகை இருக்கிறது, சாகாத மூலிகை இருக்கிறது, செம்பைத் தங்கமாக்குகிற செடி இருக்கிறது என்று பேசுகிறவர்கள்தான் அதிகம். அவற்றில் பேர் போனவை இரண்டு. ஒன்று தொழுகண்ணி, மற்றொன்று அழுகண்ணி. ஒன்று இலைகளைக் கூப்பித் தொழுமாம். மற்றது கண்ணீர் விட்டு அழுமாம். இவை கிடைத்தால் ரசவாதம் கைகூடும் என்று நம்பி, நிலத்தை விற்றுக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் இந்த ஜில்லாக்களில் உண்டு.

அந்தச் செடிகள் பொய் அல்ல. இருக்கின்றன. தொழுகண்ணியின் ஓரத்து இரண்டு சிற்றிலைகள் வெதுவெதுப்பான வேளையில் நம் கண்ணெதிரே தாமாக அசைகின்றன. இலைக்காம்பின் அடியில் உள்ள மூட்டில் தண்ணீர் ஏறுவதாலும் இறங்குவதாலும் அசைகின்றன. இங்கிலாந்தில் டார்வின் 1880-ல் வெளியிட்ட செடிகளின் அசைவைப் பற்றிய புத்தகத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். கல்கத்தாவில் ஜெகதீச சந்திர போஸ் இதன் அசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தார். அழுகண்ணி விடுவது கண்ணீரல்ல, பசை. சத்தில்லாத மண்ணில் வளர்கிற அந்தச் செடி, இலையில் பசையைச் சுரந்து, வந்து ஒட்டுகிற பூச்சியைக் கரைத்துத் தின்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த செடிகளைப் பற்றியும் டார்வின் 1875-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். செடி அசைவதும் பூச்சியைத் தின்பதும் போதாதா அதிசயத்துக்கு? தங்கமும் செய்ய வேண்டுமா? ஒரே செடியைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டார், அறிவு வளர்ந்தது. இன்னொருவர் கும்பிட்டார், நிலம் போயிற்று.

சஞ்சீவி சங்கதியும் இப்படியேதான். அனுமார் தூக்கி வந்த மலையின் துண்டு என்று கன்னியாகுமரிப் பக்கம் மருந்துவாழ்மலையைச் சொல்லுகிறார்கள். திண்டுக்கல் பக்கம் சிறுமலையைச் சொல்லுகிறார்கள். இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் ருமஸ்ஸல என்ற குன்றைச் சொல்லுகிறார்கள். செத்தவனைப் பிழைக்க வைக்கிற செடி இத்தனை இடத்தில் விழுந்திருந்தும், அந்த ஊர்களில் எல்லாம் சுடுகாடு இருக்கிறது. 2016-ல் உத்தராகண்ட் அரசாங்கம் இமயமலையில் சஞ்சீவியைத் தேட 25 கோடி ரூபாய் செலவிடுவதாக அறிவித்தது. அந்தத் தொகைக்கு எத்தனை கிராம ஆஸ்பத்திரிக்கு விஷமுறிவு மருந்து வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பாரதிதாசன் 1930-ல் "சஞ்சீவி பர்வதத்தின் சாரல்" என்று ஒரு காவியம் பாடினார். அதில் வருகிற மூலிகையைத் தின்றால் உலகத்து ஜனங்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். கவிஞர் அதைக் கற்பனை என்றே வைத்து, மூடநம்பிக்கையைச் சிரிக்கவைக்கப் பயன்படுத்தினார். கற்பனையைக் கற்பனை என்று சொல்லி அனுபவிப்பதில் யாதொரு கெடுதலும் இல்லை. அதை அரைத்து, சாகக் கிடக்கிற பிள்ளையின் வாயில் ஊற்றும்போதுதான் கெடுதல்.

"பச்சிலையே கூடாது என்கிறீர்களா? சித்த வைத்தியமே வேண்டாமா?" என்று இந்நேரம் சிலர் மனதில் கேட்டிருப்பீர்கள். நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. செடியிலிருந்து வந்த மருந்துகள் ஆயிரம். எப்படி வந்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சீனாவில் டூ யூயூ என்ற அம்மையார் மலைக்காய்ச்சலுக்கு மருந்து தேடியபோது, அந்த நாட்டுப் பழைய வைத்திய ஏடுகளைத்தான் புரட்டினார். ஆனால் ஏட்டில் இருக்கிறது என்பதற்காக நம்பவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒரு செடி சில சமயம் வேலை செய்தது, சில சமயம் செய்யவில்லை. ஏன் என்று மறுபடியும் ஏட்டைப் பார்த்தார். காய்ச்சச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூட்டில் சத்துக் கெடுகிறது என்று கண்டுகொண்டார். தாமே முதலில் குடித்துப் பார்த்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்னோர் சொன்னதை மதிக்கிற முறை இதுதான். சோதித்துப் பார்ப்பதுதான் மரியாதை.

நமது ஊர்ச் செடியைப் பாருங்கள். நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்று நாம் வீட்டுக்குள் சேர்க்காத பூ. அது நீரிழிவுக்கு நல்லது என்று பல நாட்டில் சொல்லப்பட்டு வந்தது. 1950களில் கனடாவில் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆகாச கருடன் வியாபாரியாக இருந்தால் "நோயாளி சுத்தமில்லை" என்று சொல்லியிருப்பான். அவர்களோ, "பலிக்கவில்லை, ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றனவே, ஏன்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பிறந்தது. இன்று எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைக்கிறார்கள். அபசகுனம் என்று நாம் ஒதுக்கிய பூ பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. சகுனம் என்று நாம் கட்டிய கிழங்கு வாசலில் தொங்குகிறது.

கண்வலிக் கிழங்கு என்கிற செங்காந்தள் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கம் சம்சாரிகள் இதைப் பயிர் செய்து விதையை விற்கிறார்கள். அதிலிருந்து கீல்வாதத்துக்கு மருந்து எடுக்கிறார்கள். அதே கிழங்கைத் தின்றால் ஆள் செத்துப்போவான். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது மந்திரம் அல்ல, அளவு.

இன்னும் கிட்டத்தில் வருவோம். சேலம், நாமக்கல் ஜில்லாவில் அதிசயக் கிழங்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது மரவள்ளி. கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. எந்தச் சித்தரும் சொல்லவில்லை. எந்தக் கருடனும் கொண்டுவரவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றபோது, சேலத்தில் இதிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தக் கிழங்கிலும் விஷம் உண்டு. இலையைத் தின்ற ஆடு செத்ததை இங்கே பார்க்காதவர் யார்? ஆனால் நமது தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? தோலை உரித்து, நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். விஷம் போகிறது, பசி தீர்கிறது. தாய்மார்களே! அடுப்படியில் இவ்வளவு விஞ்ஞானம் செய்கிற நீங்கள், வாசற்படிக்கு வந்தவுடன் அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

இனி, பாம்பு கடித்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லி முடிக்கிறோம்.

பாம்பு விஷத்துக்கு மருந்து பாம்பு விஷத்திலிருந்தே செய்யப்படுகிறது. கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1890களில் இதற்கு வழி கண்டார். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றினால், குதிரையின் ரத்தத்தில் அதை எதிர்க்கிற பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து ஊசி மருந்தாக்குகிறார்கள். இந்தியாவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. இதற்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் யார்? 1978-ல் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். காடு மேடு சுற்றும் ஜனங்கள் என்று யாரை நாம் தாழ்வாகப் பார்த்தோமோ, அவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்து செய்த மருந்தினால்தான் எல்லா ஜாதியானும் பிழைக்கிறான். அந்த இருளரில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ பட்டம் வழங்கப்பட்டது. அவர்களுடைய பெருமை வேரில் இல்லை. பாம்பைப் பற்றிய அறிவில் இருக்கிறது.

இந்த மருந்தும் குறையில்லாததல்ல. சிலருக்கு ஒவ்வாமை வரும். சில வகைப் பாம்புக்கு இது போதாது. இதை டாக்டர்களே சொல்லுகிறார்கள். குறையைச் சொல்லுகிறார்களே, அதுதான் நம்பிக்கைக்கு இடம். மந்திரிக்கிறவர் வேப்பிலை கசக்கிறதா என்று சோதிக்கிறார். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைக்கிறார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சோதனை என்றால் இது. யார் செய்தாலும் ஒரே விடை.

ஆகவே, பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பாம்பைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தவனுக்குச் செய்வதுபோலக் குச்சி வைத்து அந்தக் காலையோ கையையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மழைக் காலத்து விடியலில் காரணமில்லாமல் வயிற்று வலியும் இமை தொங்குவதும் கண்டால், கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே புறப்படுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு இல்லை. 2024-ல் தமிழ்நாடு அரசாங்கம் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்திருக்கிறது. கடிக்காமல் இருக்க, கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். இரவில் விளக்கு இல்லாமல் வெளியே போகாதீர்கள். விறகையும் தட்டையும் சுவரோரம் அடுக்காதீர்கள். எலிக்கு வழி வைக்காதீர்கள்.

தோழர்களே! கிழங்கை இன்றைக்கே அறுத்து எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. யார் வீட்டு நிலையிலும் கை வைக்க நமக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். நாளைக் காலையில் அந்தக் கிழங்குக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். விஷமுறிவு மருந்து உள்ள மிகக் கிட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரி எது என்று இன்றே விசாரித்து, அதன் பெயரையும் 108 என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாத வீட்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு வருஷம் கழித்து எது உதவியது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று. இனி இந்த ஊரில் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் வந்தால், அதன் தாயைப் பார்த்து "உன் தீட்டுதான்" என்று சொல்ல ஒருவர் வாயும் திறக்கக் கூடாது. அதற்கு மாத்திரம் நீங்கள் இன்று ஒப்புக்கொண்டாலும், நாம் பஸ் ஏறி வந்தது வீண் போகவில்லை.